இஞ்சினுக்கு என்ன வர்ணம்?

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறதே கீரனூர், அங்கே உங்கள் பாட்டனார் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய மோட்டார் கார் தூங்கிக் கொண்டிருப்பதாக வைத்துக் கொள்வோம். 1948-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவுடன் இணைவதற்கு முன்பே வாங்கிய வண்டி. அதைப் பழையபடி ஓட வைக்க உங்களுக்கு ஆசை. நல்ல ஆசைதான்! வண்டியின் மேல் பூச்சைப் பற்றி வீட்டில் ஆளுக்கோர் அபிப்பிராயம் சொல்வார்கள். இஞ்சினைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கடைசியில் பட்டறையில் ஒரு டப்பா வெள்ளி வர்ணத்தை எடுத்து அடி முதல் முடி வரை பூசி விடுவார்கள். பானெட்டைத் திறந்தால் பாத்திரக் கடை மாதிரி இருக்கும்!

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காலத்துக் கம்பெனிகள் இஞ்சினுக்கென்று தனி வர்ணம் வைத்திருந்தன. 1931 வரை வந்த ஃபோர்டு 'ஏ' மாடலின் இஞ்சின் கரும்பச்சை. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-இல் பம்பாயில் தொடங்கிய தொழிற்சாலையில் செவர்லே கார்களைப் பூட்டி விற்றார்கள் அல்லவா? 1930-களிலும் 40-களிலும் செவர்லேயின் ஆறு சிலிண்டர் இஞ்சின் சாம்பல் நிறம்.

பச்சை என்றால் எந்தப் பச்சை? வாழைக் குருத்தா, வேப்பிலையா, குளத்துப் பாசியா? இதற்குப் பதில் இஞ்சினிடமே இருக்கிறது. ஆகையால், கம்பி பிரஷ்ஷும் காஸ்டிக் சோடாவும் கிட்டே வருவதற்கு முன் அதைக் கேட்டு விடுங்கள். சுரண்டிய பிறகு கேட்டால் பதில் கிடைக்காது.

டைனமோவைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றி அதன் பின்புறம் பாருங்கள். போல்ட்டுத் தலைகளுக்கு அடியில் பாருங்கள். எண்ணெயும் தூசியும் கட்டியாக உறைந்த மூலையை மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்தால், அடியில் வர்ணம் புதிதாகவே இருக்கும். எக்ஸாஸ்ட் குழாயின் அருகே தெரிவதை மட்டும் நம்பாதீர்கள். சூட்டில் கருகி நிறம் மாறியிருக்கும். பல வண்டிகளில் அந்தக் குழாய்க்கு வர்ணமே கிடையாது, வெறும் வார்ப்பு இரும்புதான். சாதாரண வர்ணத்தை அதில் பூசினால் முதல் நாளே புகைந்து உரியும்.

வெளியே தெரிவது நடுவில் யாரோ பூசியதாகவும் இருக்கலாம். ஓர் அங்குல இடத்தை நீர்க் காகிதத்தால் இலேசாகத் தேய்த்தால், வெங்காயத் தோல் போல ஒன்றன்கீழ் ஒன்றாக வர்ணங்கள் தெரியும். பிரைமருக்கு அடுத்து இருப்பதுதான் கம்பெனியின் வர்ணம். அதைக் காலை வெயிலில் பாருங்கள்; டியூப் லைட் ஏமாற்றும். கடையில் கலந்த வர்ணத்தை ஓர் இரும்புத் துண்டில் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே ஒப்பிட வேண்டும். சூடு தாங்கும் வர்ணம்தானா என்றும் கேட்டுக் கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதி. இஞ்சினில் பொறித்த எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா? இடையில் எவராவது வேறு வண்டியின் இஞ்சினை மாட்டியிருக்கலாம். அப்படியானால் காரின் வர்ணத்தைத் தேடி அலைவதில் பயனில்லை. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட காரை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யும்போதும் இஞ்சின் மாற்றி அமைக்கப்பட்டிருக்கக் கூடாது. அந்த எண் வர்ணத்தில் மூழ்கிப் போகாமலும் பார்த்துக் கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து புது வர்ணம் பூசும்போது, பிராக்கெட்டுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அளவு இடத்தைப் பழைய வர்ணத்தோடு அப்படியே விட்டு விடுங்கள். உங்கள் பேரன் அந்தக் கொட்டகையைத் திறக்கும்போது தேடிப் பார்ப்பான்.