வீட்டு வாசலில் கொட்டப்படும் ஆற்று மண் எங்கிருந்து வருகிறது?

கோடை முற்றி மட்டக்களப்பு மாவட்டத்தின் முந்தனை ஆற்றில் தண்ணீர் மெலிந்ததும் கிரான், செங்கலடிப் பக்கத்து மணல் திட்டுகளில் வேலை சூடுபிடித்துவிடும். விடிந்தும் விடியாமலும் உழவு இயந்திரங்கள் பெட்டியோடு ஆற்றுக்குள் இறங்கும். முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு மூன்று பேர் சவளால் அள்ளி வீசுவார்கள். ஈர மணல் பாரம் கூடியது. நூறு கன அடி, அதாவது ஒரு கியூப், நிரம்புவதற்குள் தோள் விட்டுப்போகும். வயல் வேலை இல்லாத மாதங்களில், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் பல வீடுகளில் அடுப்பெரிவது இந்தக் கூலியில்தான்.

அந்த மண் மட்டக்களப்பு நகருக்கும் காத்தான்குடிக்கும் மாவட்டத்துக்கு வெளியேயும் போய்ச் சேர்வதற்குள் பல கை மாறுகிறது. அனுமதிப்பத்திரக்காரர், வாகன உரிமையாளர், தரகர், கட்டடப் பொருள் கடைக்காரர் என்று ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. ஆற்றில் நிற்பவனின் கூலி மட்டும் அதே வேகத்தில் ஏறுவதில்லை. பொலிஸ் வந்தால் முதலில் அகப்படுபவனும் அவன்தான். மணல் அகழ்வைப் பற்றிப் பேசும்போது நாம் இந்த மனிதனையும், இரவில் பெக்கோ இயந்திரத்தை ஆற்றில் இறக்குபவரையும் ஒரே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். அது அநியாயம்.

சட்டம் இந்த இருவரையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியப்பொருட்கள் சட்டத்தின்படி, நிலம் யாருடையதாக இருந்தாலும் அதிலுள்ள கனியம் அரசுக்குச் சொந்தம். அகழ, ஏற்றிச் செல்ல, விற்க என்று ஒவ்வொன்றுக்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். கைத்தொழில் அகழ்வுக்கு ஒரு வகை உரிமம் உண்டு. கையால், பாரம்பரிய முறையில் அள்ளுபவர்களுக்கெனத் தனி உரிமமும் உண்டு. ஆக, ஏழைத் தொழிலாளி முறையாக உழைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் காகிதங்களோடும் சிபாரிசுகளோடும் பல அலுவலகப் படிகள் ஏறி இறங்க அவனால் முடிவதில்லை. முடிந்தவர் உரிமத்தை எடுக்கிறார்; முடியாதவன் அவரிடம் கூலியாகிறான்.

மோசடி பெரும்பாலும் ஏற்றிச் செல்லும் கட்டத்தில்தான் நடக்கிறது. ஒரே பத்திரத்தைக் காட்டிப் பல சுமை ஓட்டுவது, ஒரு இடத்துக்கு அனுமதி பெற்று இன்னொரு இடத்தில் தோண்டுவது, குறித்த அளவுக்கு மேல் ஏற்றுவது எல்லாம் ஊரறிந்த வழிகள். 2019 டிசம்பரில் மணல், மண், களி ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தபோது, இருந்த பிடியும் தளர்ந்தது. மலிவாக மணல் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. அதன் விலையை ஆறுகள் கொடுத்தன. அந்த முடிவை எதிர்த்தவர்கள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஆறு தன் மணலைத் தானே கொண்டுவந்து நிரப்பும் என்பது உண்மைதான். ஆனால் மாரியில் வந்து சேரும் அளவுக்குள் எடுத்தால்தான் அந்தக் கணக்குச் சரிவரும். அதற்கு மேல் தோண்டினால் ஆற்றுப் படுகை தாழும், கரை இடியும், பாலத் தூணின் அடி வெளியே தெரியும். படுகை தாழ்ந்தால் அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் இறங்கும். கழிமுகத்தை ஒட்டிய இடங்களில் உவர்நீர் மேலேறும், வயல் கெடும். சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இது தூரத்துச் செய்தியல்ல. வெள்ளத்தோடு வரும் மண்தான் வாவி ஓரத்தையும், முகத்துவாரம் வழியாகக் கடற்கரையையும் ஊட்டுகிறது. மேலே குழி விழுந்தால் மணல் அங்கேயே தங்கிவிடும், சேறு மட்டும் கீழே வரும். இறால் பிடிப்பவருக்கும் கண்ணா மரங்களுக்கும் அதனால் நன்மையில்லை.

வாகரையில் இல்மனைட் அகழ்வை எதிர்த்து மக்கள் வீதிக்கு இறங்கியதும் இதே அச்சத்தில்தான். வெள்ளை வண்ணப்பூச்சுக்கான தைத்தேனியம் கிடைக்கும் கரிய மணல் அது. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் அரசு நிறுவனம் பல பத்தாண்டுகளாக அதை எடுத்துவருகிறது.

கனியம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது புதிதல்ல. மோதலுக்குப் பணமாகிய கொங்கோவின் கனியங்கள் பற்றிய கண்டனங்களுக்குப் பிறகு உலகம் சில விதிகளை வகுத்தது. தகரம், தந்தாலம், தங்குதன், தங்கம் ஆகியவற்றை இறக்குமதி செய்வோர் அவை வந்த வழியை ஆராய வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. மணல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆண்டுக்கு 5,000 கோடி தொன் மணலும் சரளையும் உலகில் பயன்படுவதாக ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2022இல் கூறியது. இவ்வளவு புழங்கும் பொருளுக்குப் பிறப்பிடம் கேட்பார் இல்லை.

இங்கே செய்யக்கூடியது கைக்கெட்டாத காரியமல்ல. ஆற்றோரக் கிராமங்களின் தொழிலாளர் சங்கங்களுக்கே கையகழ்வு உரிமத்தை வழங்கலாம், இயந்திரம் இறங்காது என்ற நிபந்தனையோடு. மாரிக்கு முன்னும் பின்னும் படுகையை அளந்து அந்த ஆண்டுக்கான அளவை அறிவிக்கலாம். வீதி, பாடசாலை, வைத்தியசாலை கட்டும் அரச ஒப்பந்தக்காரர்கள் பத்திரமில்லாத மணலுக்குப் பணம் பெறவே முடியாது என்று விதிக்கலாம். மாவட்டத்தின் பெரிய வாங்குநர் அரசுதான். அது கேட்டால் சந்தை கேட்கும்.

வீடு கட்டுபவர்களும் கேட்க வேண்டும். அடுத்த முறை மண் இறக்க டிப்பர் வந்தால், கொட்டுவதற்கு முன் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாகன இலக்கம், திகதி, அளவு மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.