மூன்றாவது கம்பி எங்கே?

வடசென்னையின் மாதவரத்தில் லாரி நிற்கிற இடமெல்லாம் பட்டறை இருக்கும். பாடி கட்டுகிறவர், டேங்கருக்கு வெல்டிங் வைக்கிறவர், பேட்டரி பார்க்கிறவர், பஞ்சர் ஒட்டுகிறவர் என்று ஒரு வண்டியைச் சுற்றி நாலு தொழில். நாலு பேருக்கும் பொதுவான சொத்து ஒரு ஜங்ஷன் பாக்ஸ். பலகையில் திருகிய இரண்டு சாக்கெட், முப்பதடி ஒயர், நடுவே இரண்டு மூன்று இடத்தில் கறுப்பு டேப். பிளக் உடைந்த கட்டிங் மெஷின் என்றால், கம்பி முனைகளை முறுக்கிச் சாக்கெட் துளையில் விட்டு, கழன்று வராமல் தீக்குச்சியைச் செருகிவிடுவதும் உண்டு. "லேசா ஜிவ்வுங்குது" என்பார்கள். "மழை வரும்போல" என்று சொல்கிற அதே குரலில்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே, இடம் மாற்றி எடுத்துச் செல்லும் கருவிகளின் ஒயருக்கென்று தனி விதி இருந்தது. டிரில்லிங் மெஷின், பெயின்ட் அடிக்கும் ஸ்பிரேயர், வெல்டிங் செட் போன்றவற்றுக்குக் கனமான உறை போட்ட, நசுங்கிச் சிதையாத ஒயர் வேண்டும். சிங்கிள் பேஸ் கருவிக்கு மூன்று கம்பி, திரீ பேஸ் கருவிக்கு நான்கு. எர்த் கம்பி எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளிலும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது.

அந்த மூன்றாவது கம்பிக்கு ஏன் இவ்வளவு மரியாதை? மெஷினுக்குள் பேஸ் கம்பி தேய்ந்து இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டால், எர்த் வழியாகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் போய்விடும். எர்த் இல்லாத மெஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்; அடுத்து அதைத் தொடுகிற ஆள்தான் எர்த் கம்பி. "எம்.சி.பி. போட்டிருக்கோமே" என்ற சமாதானம் இங்கே செல்லாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் போனால்தான் விழும். ஒரு மனிதனைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்கே அதிகம்.

எவ்வளவு மின்னோட்டத்தில் கை மாட்டிக்கொள்ளும் என்பதை ஆளை வைத்தே அளந்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல். தன்னார்வலர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, எதுவரை அவர்களால் கையை விட முடிகிறது என்று பார்த்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதைத் தாண்டினால் தசை இறுகி, பிடித்த கை பிடித்தபடி நிற்கும். "கரண்ட் இழுத்துப் பிடிச்சிடுச்சு" என்று நம்மூரில் சொல்வது இதைத்தான். மின்கசிவு கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்றையும் அவரே 1961இல் வடிவமைத்தார். நம் வீடுகளில் ஆள் காப்புக்காகப் பொருத்தும் அந்த வகைக் கருவியான ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழுந்துவிடும்.

வியர்வையில் நனைந்த உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் பட்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். 24 வோல்ட் என்றால் 24தான். டேங்கருக்குள் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். சுற்றிலும் இரும்பு, உள்ளே புழுக்கம், கையில் விளக்கு. 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஏ பிரிவு, தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடங்களில் தகுந்த பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கையோ வேறு மின்கருவியையோ பயன்படுத்தக் கூடாது என்றது. தீப்பற்றும் ஆவி இருக்கக்கூடும் என்றால் தீப்பொறி வெளியேறாத விளக்கு மட்டுமே.

கருவிகளை அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். சோதனை என்றதும் பெரிய கருவி வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான கோளாறு கண்ணுக்கே தெரியும்: வெடித்த பிளக், கருகிய பின், உறைக்கு வெளியே எட்டிப்பார்க்கும் கம்பி. அடுத்தது, பிளக்கின் எர்த் பின்னுக்கும் மெஷின் உடம்புக்கும் தொடர்பு அறுபடாமல் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது. மூன்றாவது மெக்கர். 500 வோல்ட் கொடுத்து உள்ளே காப்பு தாங்குகிறதா என்று அது சொல்லும். எர்த் உள்ள கருவிக்கு 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்பது பிரிட்டனில் வழங்கும் அளவு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை மூழ்கியது. நனைந்த மோட்டார் வெயிலில் காய்ந்துவிட்டதுபோலத் தெரியும், வைண்டிங்குக்குள் ஈரம் இருக்கும். விவரமான வைண்டிங் கடைக்காரர் குண்டு பல்பு வெப்பத்தில் உலர்த்தி, மெக்கர் வைத்துப் பார்த்த பிறகே சுவிட்சைத் தொடுவார்.

சோதனை விஷயத்தில் பிரிட்டனில் கதை தலைகீழ். அங்கே 1989இன் மின்பாதுகாப்பு விதிகள் கருவிகளைப் பழுதின்றி வைத்திருக்கச் சொன்னதே தவிர, வருடாவருடம் சோதிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் அலுவலகக் கெட்டில் வரை ஆண்டுதோறும் ஸ்டிக்கர் ஒட்டிக் காசு வாங்கும் வியாபாரம் வளர்ந்தது. 2011இல் லோஃப்ஸ்டெட் என்ற பேராசிரியரின் அறிக்கை, இதைத் தெளிவுபடுத்துங்கள் என்று அரசிடம் கேட்க வேண்டியிருந்தது. ஸ்டிக்கர் அதிகமாகிவிட்டது என்ற கவலை மாதவரத்துக்கு வர இன்னும் காலம் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக் கணக்குகளில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் நாடு முழுதும் ஆண்டுக்கு 12,000க்கும் மேல். வயல், வீடு, பட்டறை எல்லாம் சேர்ந்த எண் அது.

பட்டறை வைத்திருப்பவர்கள் நாளைக் காலை ஒரு காரியம் செய்யுங்கள். கட்டிங் மெஷினின் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவி, திறந்து பாருங்கள். உள்ளே இரண்டே கம்பி இருந்தால், மெஷினின் பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அது இரட்டைக் காப்பு உள்ள கருவி, எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லையென்றால், மூன்று கம்பி ஒயர் மாற்றும்வரை அந்த மெஷினை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.