மழைத்துளி மண்ணை அரிப்பது எப்படி?

சரிவான வயலில் மேல்மண் கரைவதற்கு ஓடும் நீரே முதற்காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது; 1940களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆய்வு செய்த டபிள்யூ. டி. எல்லிசன், நீர் ஓடத் தொடங்குமுன்பே, துளி மண்ணில் மோதும் கணத்திலேயே அரிப்பு தொடங்கிவிடுகிறது என்று காட்டினார். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழும்போது, மணலும் களிமண்ணும் மட்கும் ஒட்டி உருவான சிறு மண்திரள்கள் சிதறுகின்றன. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து மேற்பரப்பை இறுகச் செய்வதால், உள்ளே இறங்கவேண்டிய நீர் வழிந்தோடி, அத்துகள்களையும் அள்ளிச் செல்கிறது.

புல் அடர்ந்த நிலத்தில் இலைகளும் சருகும் துளியின் விசையை முதலிலேயே ஏற்றுக்கொள்ள, மெல்லிய வேர்கள் மண்திரள்களைப் பிணைத்து வைக்கின்றன. வரிசைகளுக்கிடையே தரை திறந்து கிடக்கும் மக்காச்சோள வயலுக்கு இக்காப்பு இல்லை. ஆகவேதான் புல்லும் பயறுவகைத் தீவனமும் பயிர்ச்சுழற்சியில் சேர்க்கப்பட்டன, கால்நடைகளுக்காக மட்டுமன்று.

பண்ணைகளில் ஆண்டுக்கணக்கில் எடுக்கப்பட்ட அளவீடுகளைக் கொண்டு வால்டர் விஷ்மையரும் டுவைட் ஸ்மித்தும் 1965இல் வெளியிட்ட மண்ணிழப்புச் சமன்பாடு, மழையின் ஆற்றல், மண்ணின் இயல்பு, சரிவின் நீளமும் சாய்வும், பயிர்மூட்டம், காப்புமுறை ஆகியவற்றைப் பெருக்கி ஓராண்டின் சராசரி இழப்பை மதிப்பிடுகிறது.