ஒரே சிக்னல், ரெண்டு வேலை: இன்டர்ஃபெரானும் புற்றுநோய் செல்லும்

போன மாசம் அண்ணன் வாட்ஸ்அப்பில் பெரியம்மாவோட பயாப்சி ரிப்போர்ட்டை அனுப்பினார். நுரையீரல் புற்றுநோய். "டேய், இதுல பி.டி.எல்-1 அதிகம்னு போட்டிருக்கு. நல்லதா, கெட்டதா?" நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுறவன். ஆனா அந்தக் கேள்வியை விட முடியலை. படிச்சுப் புரிஞ்சதை இன்னைக்குச் சொல்றேன்.

முதல்ல செல்லோட வெளிப்பக்கம். உட்கரு உள்ள செல்கள் கிட்டத்தட்ட எல்லாமே, உள்ளே தயாரிக்கிற புரதங்களைத் துண்டாக்கி, எச்.எல்.ஏ என்ற தட்டில் வைத்து வெளியே காட்டும். வீட்டுக்குள்ள என்ன சமையல்னு வாசல்ல சாம்பிள் வைக்கிற மாதிரி. ரோந்து வரும் டி செல், தட்டில் வைரஸ் துண்டோ புற்றுநோயால் மாறிய புரதமோ இருந்தா, அந்த செல்லைக் கொன்னுடும். அதனால பல புற்றுநோய் செல்கள் தட்டுகளைக் குறைச்சுக்கும்.

இங்கேதான் இன்டர்ஃபெரான் வருது. 1957-ல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் வைரஸைத் தடுக்கும் பொருளா இதைக் கண்டுபிடிச்சாங்க. இதில் காமா வகையை டி செல்களும் என்.கே செல்களும் வெளியிடும். அது பக்கத்து செல்லின் ஏற்பியில் ஒட்டினதும், உள்ளே ஜாக்-1, ஜாக்-2 புரதங்கள் முழிச்சுக்கிட்டு ஸ்டாட்-1-ஐ உட்கருவுக்கு அனுப்பும். சில மரபணுக்கள் ஆன் ஆகும். தட்டுகள் கூடும். ஒளிஞ்சிருந்த செல் தெரிய ஆரம்பிக்கும்.

ஆனா அதே சிக்னல் பி.டி.எல்-1-ஐயும் ஏத்தி விடும். அது டி செல்லில் உள்ள பி.டி-1-ஐத் தொட்டு, "போதும், நிறுத்து"ன்னு சொல்லும்.

முதல்ல எனக்கு இது பக் மாதிரிதான் தெரிஞ்சது. அப்புறம்தான் உறைச்சது: இந்த சிக்னல் சுற்றியுள்ள நல்ல செல்களுக்கும் போகுது. ஃப்ளூ வந்த நுரையீரலில் அந்த பிரேக் இல்லைன்னா, டி செல்கள் நல்ல திசுவையும் சேர்த்து நாசம் பண்ணிடும். நமக்காக வச்ச பிரேக்கை புற்றுநோய் தனக்குப் பயன்படுத்திக்குது.

பி.டி-1-ஐ 1992-ல் கண்டறிந்தது ஹோஞ்சோவின் குழு. 2018-ல் அவருக்கும் அலிசனுக்கும் நோபல். பெம்ப்ரோலிசுமாப் மாதிரி மருந்துகள் இந்த பிரேக்கைத் தடுக்கும். அதனாலதான் தைராய்டு, குடல், நுரையீரல் மாதிரி நல்ல உறுப்புகளும் சில சமயம் தாக்கப்படுது.

புற்றுநோய் இன்னொரு வழியும் கண்டுபிடிக்கும். இந்த மருந்தில் முதல்ல கட்டி சுருங்கி, பிறகு நோய் திரும்பிய 4 மெலனோமா நோயாளிகளை ஆராய்ந்த முடிவு 2016-ல் வந்தது. ரெண்டு பேரோட கட்டிகளில் ஜாக்-1 அல்லது ஜாக்-2 உடைஞ்சிருந்தது. அதாவது, காலிங் பெல் வயரையே அறுத்துட்டாங்க. இன்னொருத்தரில் தட்டைத் தாங்கும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போயிருந்தது.

அண்ணன்கிட்ட சொன்னது இதுதான்: "பி.டி.எல்-1 அதிகம்னா, டி செல்கள் அங்கே ஏற்கெனவே சண்டை போடுதுன்னு இருக்கலாம். நுரையீரல் புற்றுநோயில் இந்த மருந்து வேலை செய்ய வாய்ப்பு கூடும்; உத்தரவாதம் இல்லை. கட்டியே தன் மரபணு மாற்றத்தால அதை ஏத்தியிருக்கவும் முடியும். இந்த எண்ணை வச்சு எந்த மருந்துன்னு டாக்டரைக் கேளுங்க. மருந்து ஆரம்பிச்சப்புறம் வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தா, அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்காம உடனே சொல்லிடுங்க."

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.