அரிசி வாங்கினால் பேச்சு இலவசம்!
மளிகைக் கடை நடத்திய செல்போன் சேவை

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகம் இருக்கிறது. அங்கே மனு கொடுக்க வருகிறவர்கள் பெயர், ஊரோடு செல்போன் எண்ணையும் எழுதுகிறார்கள். அந்த எண் வேலை செய்யப் பலர் முன்பணம் கட்டுகிறார்கள். இதற்குப் பெயர் 'பிரிபெய்டு'.

இந்தச் சேவையை ஒரு கடையே நடத்தினால்? அப்படியும் நடந்தது!

'பிக் பஜார்' கடைகளை நடத்திய பியூச்சர் குழுமம் 2010-ல் 'டி 24' என்ற சேவையைத் தொடங்கியது. கடையில் அரிசி, பருப்பு, துணி வாங்கியவர்களுக்கு இலவசமாகப் பேச நேரம் கிடைத்தது. வாடிக்கைக்காரர் மறுபடியும் கடைக்கு வருவார் அல்லவா?

ஆனால், கடைக்குச் சொந்தக் கோபுரம் கிடையாது. டாட்டா கம்பெனியின் கோபுரங்கள் வழியாகவே பேச்சு போயிற்று. பெயர் ஒருவருடையது, பாதை மற்றவருடையது!

பிறகு என்ன ஆயிற்று? 2019-ல் டாட்டாவின் செல்போன் தொழில் ஏர்டெல்லுடன் இணைந்தது. 2022-ல் பிக் பஜார் கடைகள் பல கைமாறின.

கம்பெனி மாறலாம், எண்ணை இழக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் பழைய எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாறலாம். ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று எழுதி, இடம் விட்டு, உங்கள் எண்ணையும் எழுதி 1900-க்குச் செய்தி அனுப்புங்கள். ஒரு குறியீடு வரும். அதைப் புதிய கம்பெனியின் கடையில் காட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய கணக்கில் மீதியுள்ள பணம் கூடவே வராது. முதலில் அதைப் பேசித் தீர்த்துவிடுங்கள்!

பாங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் கொடுத்த எண் அது. வீட்டு விலாசம் போல அதைக் காப்பாற்ற வேண்டும்.