பிரசிடெண்ட் என்றால் முன்னால் உட்காருபவர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் காட்டில் கலெக்டர், பிரசிடெண்ட், ஆர்டர், செக் என்ற ஆங்கிலச் சொற்கள் படிக்காதவர் வாயிலும் புழங்குகின்றன. எல்லாம் அதிகாரத்தின் சொற்கள். நாம் அவற்றைக் கேட்டுப் பணிந்தே பழகியவர்கள்.

'பிரசிடெண்ட்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'முன்னால் உட்காருவது' என்று பொருள். நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்காச்சியேந்தலில் அந்தப் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் போலவே அங்கும் பத்தாண்டுகள் ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் தேர்தல் முறையாக நடக்கவில்லை. 2006 அக்டோபரில்தான் நிலைமை மாறியது.

நாற்காலி கிடைத்தால் போதுமா? 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. முன்னால் உட்கார வேண்டியவர், தரையில்!

இன்னொரு சொல் 'செக்'. அதில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தீர்மானம் என்ன, பில் எவ்வளவு, யார் பெயருக்குப் பணம் என்று பாராமல் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டால், பெயர் நமக்கு, உத்தரவு வேறொருவருக்கு.

படிக்கும் பிள்ளைகளே, நம் தலைவர்கள் கேட்டால் அந்தக் காகிதங்களை வாசித்துப் பொருள் சொல்லுங்கள். கிராம சபைக்குப் போங்கள். அங்கே தலைவருக்கு நாற்காலி எங்கே போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.