பெஞ்ச் பிரஸ் பயிற்சி: இலக்கும் வளர்ச்சி நெறியும்

உடல்வலிமை பிறப்பால் வாய்க்கும் பேறு என்றும், மனத்திட்பம் ஒன்றினாலேயே அதனைப் பெருக்கிக்கொள்ளலாம் என்றும் ஒன்றுக்கொன்று முரணான இரு கருத்துக்கள் நிலவுகின்றன. இவ்விரண்டுமே பயிற்சி என்னும் நிகழ்முறையைக் கணக்கில் எடுக்கத் தவறுகின்றன. வாங்கில் மல்லாந்து கிடந்து, பளுத்தண்டினை மார்புவரை இறக்கி மீண்டும் கை நிமிர உயர்த்தும் பெஞ்ச் பிரஸ் பயிற்சியைக் கொண்டு இதனை விளக்க முற்படுவோம்.

படிமுறையாகப் பளுவைக் கூட்டும் நெறி மருத்துவத்துறையிலே தெளிவான வடிவம் பெற்றமைக்கு இரண்டாம் உலகப்போர் காலாயிற்று. காயமுற்ற அமெரிக்கப் போர்வீரருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் தோமஸ் டிலோர்ம் தமது அனுபவத்தை 1945 இல் வெளியிட்டார். 1948 இல் அவரும் வொட்கின்ஸும், ஒருவர் பத்துத் தடவை மட்டுமே உயர்த்தக்கூடிய பளுவை அளவுகோலாகக் கொண்டு, அதன் 50, 75, 100 வீதங்களில் மூன்று தொகுதிகளை வகுத்தனர். அளவுகோல் பயில்பவரின் அன்றைய ஆற்றலேயன்றிப் பிறருடைய சாதனையன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தொடக்க வாரங்களில் தசை பருக்காமலே வலிமை கூடுவதுண்டு. மொரிட்டானி, டி விறீஸ் ஆகியோரின் 1979 ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு விளக்கந் தருகின்றது. முதலில் விருத்தியடைவது தசைகளை இயக்கும் நரம்புத்தொகுதியின் திறனே; தசைப் பருமனின் பங்கு பின்னரே மேலோங்குகின்றது. ஆகவே தொடக்கத்து வேகம் என்றும் நீடிக்குமென எதிர்பார்த்தல் தவறு.

இனி, இலக்கினை நோக்குவோம். ‘வலிமை பெறவேண்டும்’ என்பது விருப்பமேயன்றி இலக்கன்று. 60 கிலோவை 5 தடவை உயர்த்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எப்லியின் சூத்திரப்படி, பளுவைத் தடவைகளால் பெருக்கி முப்பதால் வகுத்து வருவதை அப்பளுவுடன் கூட்டினால், அவர் ஒரு தடவை உயர்த்தக்கூடியது ஏறத்தாழ 70 கிலோ எனலாம். மூன்று மாதத்தில் 75 கிலோ என்பது அவருடைய இலக்காயின், ஐந்து தடவைக்குரிய பளு 65 கிலோவாக உயர்ந்தாற் போதும். வாரம் இருமுறை, 55 கிலோவில் ஐந்து தடவை கொண்ட மூன்று தொகுதிகளுடன் தொடங்கி, அனைத்தையும் ஒழுங்காக நிறைவுசெய்த பின்னரே 2.5 கிலோ கூட்டுதல் வேண்டும். தொலைவிலிருந்த இலக்கு இவ்வாறு நான்கு படிகளாகின்றது. தொகுதிகளுக்கிடையே மூன்று நிமிடம் வரையும், பயிற்சி நாட்களுக்கிடையே குறைந்தது ஒரு நாளும் ஓய்வு தேவை.

அருகிருப்போன் 100 கிலோ உயர்த்துகிறான் என்பதற்காக அதனையே தன் இலக்காக்குபவன் தோள் மூட்டினைச் சேதப்படுத்திக்கொள்ளல் கூடும். களைப்புற்ற நிலையில் தண்டு மார்பின்மேலோ கழுத்தின்மேலோ வீழ்வது உயிராபத்தானது. எனவே தண்டினைப் பெருவிரலாலும் சுற்றிப் பற்றுதலும், தலைமாட்டில் துணையாளர் ஒருவரை நிறுத்துதலும் தவிர்க்கவொண்ணாதவை. தனித்த ஒருவரின் சாதனையாகத் தோன்றும் இவ்வலிமையும் இன்னொருவரின் துணையோடுதான் வளர்கின்றது.